உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குள்ளும் வரிசை உண்டு!

★ வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. ஒரே நொடியில் ஒருவர் அதில் 2,000 போடுகிறார்; இன்னொருவர் 3,000 எடுக்கிறார். மீதி 9,000 இருக்க வேண்டும். இரண்டு நிரல்களும் பழைய 10,000-ஐயே படித்துக் கணக்குப் போட்டால் 12,000 அல்லது 7,000 என்று பதிவாகிவிடும்! ஒன்று முடியும்வரை மற்றதைக் காக்கவைக்கும் ஏற்பாடுதான் ஒத்திசைவு.

★ இதற்காக 1960-களில் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா உருவாக்கிய கருவி 'செமஃபோர்'. உண்மையில் அது ஓர் எண்தான். நிரல் உள்ளே நுழையும்போது குறையும் அந்த எண் பூஜ்யமானால் அடுத்து வரும் நிரல் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் நிரல் வெளியேறும்போது எண்ணைக் கூட்டி வழிவிடும். லினக்ஸிலும் விண்டோஸிலும் இன்றும் இது உண்டு.

★ கடையில் டோக்கன் வாங்கி நிற்பதுபோல நிரல்களை நிறுத்தும் 'பேக்கரி' முறையை 1974-இல் வெளியிட்டார் அமெரிக்காவின் லெஸ்லி லாம்போர்ட். இரண்டு நிரல்களுக்கு ஒரே டோக்கன் எண் கிடைத்துவிட்டால்? நிரலின் சொந்த எண் எதற்குச் சிறியதோ, அதற்கே முதலிடம்.

★ இந்த வரிசை குலைந்தால் உயிரே போகும். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில், இயக்குபவர் தட்டச்சுப் பிழையை மளமளவென்று திருத்தியபோது, அந்தத் திருத்தம் இயந்திரத்தின் ஒரு பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. இதனால் 1986-இல் அமெரிக்காவின் டைலர் நகரில் அளவுமீறிய கதிர்வீச்சு பாய்ந்து இரண்டு நோயாளிகள் இறந்தார்கள். பழைய மாடல்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்பு இதில் நீக்கப்பட்டிருந்தது.

★ 2003 ஆகஸ்ட் 14: அமெரிக்கா, கனடாவில் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. ஒஹையோவில் மின்கம்பிகள் மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டபோது, கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் ஊமையாகியிருந்தது. காரணம், ஒரே தகவலில் இரண்டு நிரல்கள் ஒருசேர எழுத முயன்றது. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே பல வாரங்கள் ஆயின.

★ 1997-இல் செவ்வாயில் இறங்கிய 'பாத்ஃபைண்டர்' கலம் அடிக்கடி தானாக ரீசெட் ஆனது. முக்கியமான வேலைக்குத் தேவையான பூட்டை (ஒரு நேரத்தில் ஒன்றுக்கே வழிவிடும் ஏற்பாட்டை) ஒரு சாதாரண வேலை வைத்திருந்தது. நடுத்தர வேலைகள் புகுந்து அதை முடிக்கவிடாமல் தடுத்தன. பூட்டை வைத்திருக்கும் வேலைக்குத் தற்காலிகமாக முன்னுரிமை கொடுப்பதே தீர்வு. பூமியிலிருந்தே அந்தத் திருத்தத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள். அந்த முறையை விளக்கிய 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ரகுநாதன் ராஜ்குமார்!