நகரத்தைக் கடக்கும் கால்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நெடுந்தூரம் நடந்து செல்பவர்களுக்கு மிகக் கடினமான பகுதி எது என்று கேட்டால், மலை என்றோ காடு என்றோ பலர் விடை சொல்லக்கூடும். நடந்து பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நகரம் என்றுதான் சொல்வார்கள். மலையில் கால் வலிக்கும். நகரத்திலோ உயிருக்கே அச்சம். நெடுநடைக்கு வழி வகுப்பவர்கள் நகரத்தை எவ்வாறு கடப்பது என்பதைத்தான் முதலில் சிந்திக்க வேண்டும் என்பதை அனுபவத்தில் கண்டேன். அதை இங்கு என் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் மதுரைக்குக் கிழக்கே, சிவகங்கைச் சாலையில் வரிச்சியூர்ப் பக்கம் உள்ளது. ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டி ஊரிலிருந்து நாற்பது பேருக்குக் குறையாமல் பழனிக்குப் பாதயாத்திரை செல்வார்கள். என் தந்தையார்தான் முன்னே நடப்பவர். மதுரை, சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடை ரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி என்பது எங்கள் வழி. சென்ற ஆண்டு விடியற்காலையில் ஊரை விட்டுப் புறப்பட்டு, காலை ஒன்பது மணிக்கு மதுரைக்குள் நுழைந்தோம். பள்ளி, கல்லூரி, அலுவலகம் என்று நகரமே சாலைக்கு வந்திருந்த நேரம். ஓர் அகன்ற சாலையை வரிசையாகத் தாண்டும்போது பாதி வரிசை இந்தப் பக்கமும் பாதி வரிசை அந்தப் பக்கமுமாகப் பிரிந்தது. நடுவில் வேன் ஒன்று வேகமாக வந்தது. பதறிப் பின்வாங்கிய என் அத்தை கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அத்துடன் அவருடைய யாத்திரை முடிந்தது.

இந்த ஆண்டு பயணம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது என் தந்தையார், “காலேசுல படிக்கிற. மதுரைய எப்படித் தாண்டுறதுன்னு நீதாம்ப்பா பாத்துச் சொல்லணும்” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி அவர் என்னிடம் ஒப்படைத்த முதல் வேலை அது.

சுற்றிச் செல்வதா? ஊடே செல்வதா?

நகரத்தைத் தவிர்த்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றியது. சிவகங்கைச் சாலை சுற்றுச்சாலையைச் சந்திக்கும் இடம் பாண்டிகோயில். அங்கிருந்து தெற்கே திரும்பி, கப்பலூர் சென்று, மேற்குப் புறவழிச் சாலை வழியாகச் சமயநல்லூரை அடையலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். வளைவுகளின்மீது ஒரு நூலை வைத்து, பின் அந்த நூலை அளவுகோலில் நீட்டிப் பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். அவ்வாறு அளந்தபோது, சுற்றி வரும் வழி ஊடே செல்லும் வழியைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. மேலும் புறவழிச் சாலை என்பது வண்டிகளின் வேகத்திற்காகப் போடப்பட்டது. நிழல் குறைவு, தண்ணீர்க் குழாய் அரிது, கடைகளும் தொலைவில். ஆகவே ஊடே செல்வதென்று முடிவாயிற்று. எந்த நேரத்தில், எந்தத் தெருவில் என்பதே அடுத்த கேள்வி.

கால்களின் வேகம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம்; ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் அரை மணி நேரம் கூடுதல். உடல் வலுவுள்ளவர்களுக்கு இது பொருந்தும். தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நடப்பவர்களுக்குப் பொருந்துமா? என் தந்தையாரையும் அத்தையையும் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே நடக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தை எடுத்துக்கொண்டது 18 நிமிடம். அவருடைய வேகத்தையே குழுவின் வேகமாகக் கொண்டேன். ஐம்பது நிமிட நடை, பத்து நிமிட ஓய்வு என்று வைத்தால் மணிக்கு 2.8 கிலோமீட்டர். பாண்டிகோயிலிலிருந்து விளாங்குடி வரை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம். காலை எட்டு மணிக்குள் நகரத்தை விட்டு வெளியேற வேண்டுமானால் மூன்று மணிக்குப் பாண்டிகோயிலில் நடக்கத் தொடங்க வேண்டும். எனவே முதல் நாள் மாலையே ஊரிலிருந்து புறப்பட்டு, நகரத்தின் விளிம்பில் தங்குவது என்று திட்டமிட்டோம்.

சாலையைத் தாண்டும் கணக்கு

அத்தை விழுந்தது ஏன் என்பதற்கு இயற்பியல் விடை சொல்கிறது. நான்கு வழிச் சாலையில் நடுத்திட்டுக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 7 மீட்டர் அகலம். வயதானவர் மூட்டையுடன் தாண்டும் வேகத்தை நொடிக்கு 0.7 மீட்டர் என்று கொண்டால், ஒரு பக்கத்தைக் கடக்க 10 நொடி. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த 10 நொடியில் 167 மீட்டர் வந்துவிடும். மணிக்கு 80 என்றால் 222 மீட்டர். ஆகவே, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வண்டி தெரிந்தாலே காத்திருக்க வேண்டும்.

இது ஒருவருக்கு. நாங்கள் 41 பேர். ஒருவர் பின் ஒருவராக, ஒரு மீட்டர் இடைவெளியில் சென்றால் கடைசி ஆள் கால் வைப்பதற்கே 57 நொடி ஆகும். மொத்தம் 67 நொடி. அந்த நேரத்தில் 60 கிலோமீட்டர் வேக வண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும்! வரிசை அறுபடாமல் என்ன செய்யும்? இதற்கு மாறாக, சாலையோரத்தில் பத்துப் பத்துப் பேராகப் பக்கவாட்டில் நின்று, நான்கு அணிகளாக ஒரே சமயத்தில் இறங்கினால் 15 நொடியில் அனைவரும் தாண்டிவிடலாம். நடக்கும்போது வரிசை, தாண்டும்போது அணி. இதுவே நாங்கள் கற்ற விதி.

நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்புறம் நடப்பதும், இருட்டில் முன்னவரும் பின்னவரும் டார்ச் விளக்கும் ஒளிரும் பட்டையும் அணிவதும் அவசியம். நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்திய சாலைகள் காங்கிரசின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி.

ஏட்டுச் சுரைக்காய்

வரைபடத்தில் எனக்குப் பிடித்த வழி வைகையின் வடகரைச் சாலை. சிவகங்கைச் சாலையும் விளாங்குடியும் ஆற்றின் வடக்கேதான் உள்ளன. அண்ணா நகர்ப் பக்கம் கரையைப் பிடித்து, செல்லூர், தத்தனேரி வழியாகச் சென்றால் பாலமே ஏற வேண்டியதில்லை. ஒரு ஞாயிறன்று அதிகாலை நான்கு மணிக்கு நானும் என் தந்தையாரும் அதில் நடந்து பார்த்தோம். சில இடங்களில் விளக்கில்லை. நாய்கள் கூட்டமாகத் துரத்தின. ஒரு டீக்கடைகூடக் கண்ணில் படவில்லை. மாலையில் காற்று வாங்க நல்ல வழி, அதிகாலையில் நாற்பது பேருக்கு நல்ல வழி அன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று உணர்ந்தேன்.

வீட்டிற்கு வந்து சொன்னபோது அத்தை கேட்டார்: “பொம்பளையாளுக ஒதுங்குறதுக்கு எங்கப்பா இடம் வச்சிருக்க?” நான் வாயடைத்து நின்றேன். தண்ணீர், தூரம், நேரம் எல்லாம் என் தாளில் இருந்தன, கழிப்பறை இல்லை. குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் ஒருவரையும் நான் கேட்கவில்லை. பின்னர் அவர்களையும் உட்கார்த்தி வைத்து வழியைத் திருத்தினோம். மேலமடை, கோரிப்பாளையம் வழியாக விளக்குள்ள பெருஞ்சாலை, ஆல்பர்ட் விக்டர் பாலம், சிம்மக்கல், மீனாட்சியம்மன் கோயில், மாசி வீதி, அரசரடிப் பக்கம் போகாமல் நேரே ஆரப்பாளையம் பேருந்து நிலையம், மறுபடி ஆற்றைக் கடந்து விளாங்குடி. தூரம் சற்றுக் கூடுதல்தான். ஆனால் பேருந்து நிலையத்தில் கழிப்பறை உண்டு, வழியெங்கும் டீக்கடை உண்டு. அம்மனைக் கும்பிடாமல் மதுரையைத் தாண்ட மாட்டோம் என்ற பெரியவர்களின் மனக்குறையும் தீர்ந்தது.

மதுரையின் பழைய தெருக்கள் நடப்பவர்களுக்காகவே அமைந்தவை எனலாம். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் அடுக்கடுக்காக உள்ளன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்தபின் வெளி வீதிகள் உருவாயின. எந்த வீதியில் நின்றாலும் கோபுரமே திசை காட்டும்.

இலண்டன் காட்டும் பாடம்

பெருநகரத்தில் நெடுநடைக்கு முறையாக வழி வகுத்தவர்களும் உண்டு. இலண்டனில் ‘கேப்பிட்டல் ரிங்’ என்னும் நடைவழி சுமார் 126 கிலோமீட்டர், 15 பகுதிகள். அதற்கு வெளியே ‘இலண்டன் லூப்’ சுமார் 240 கிலோமீட்டர்; 24 பகுதிகள். புதிதாகப் பாதை வெட்டாமல், ஆற்றங்கரை, கால்வாய்க் கரை, பூங்கா, கைவிடப்பட்ட இரயில் தடம் ஆகியவற்றை இணைத்தே இவற்றை அமைத்தனர். வழியெங்கும் அடையாளப் பலகைகள் உண்டு. ஒவ்வொரு பகுதியும் இரயிலோ பேருந்தோ கிடைக்கும் இடத்தருகே முடிகிறது. முடியாதவர் வீடு திரும்பலாம் அல்லவா?

இந்தக் கருத்து எங்களுக்கு நேராகவே பயன்பட்டது. சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைக்கானல் ரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி ஆகிய எல்லா ஊர்களிலும் இரயில் நிலையம் உண்டு. ஒவ்வொரு நாள் நடையையும் ஒரு நிலையத்திற்கு அருகில் முடிப்பதாக அமைத்தோம்.

நடந்த நாள்

தை மாதப் பனியில் மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கினோம். ஆறு மணி வாக்கில் கோபுர வாசல். விளாங்குடியை அடைந்தபோது மணி எட்டு இருபது. இருபது நிமிடம் என் கணக்குத் தவறியது. கோயில் வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை! பெரிய சாலைகள் அனைத்தையும் அணி அணியாகத் தாண்டினோம். அத்தை முதல் அணியில், என் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பழனி வரை நடந்தார்.

நண்பர்களே! யாத்திரையாயினும், நாட்டு நலப்பணித் திட்ட நடைப்பயணமாயினும், நடப்பவர்களில் மெதுவானவர் யார் என்று முதலில் பாருங்கள். அவருடைய கால் வேகத்தில் தூரத்தை அளந்து, அவருடைய தேவைகளைக் கேட்டு, நடக்கப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள். எங்கள் வழித்தாளை என் தந்தையார் நாலாக மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அடுத்த ஆண்டு செருப்புக்கும் இருபது நிமிடம் சேர்த்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.