உங்களுக்குத் தெரியுமா? பரிசலுக்கும் சட்டம் உண்டு!

சூளகிரிக்கு மேற்கே கெலவரப்பள்ளி அணை, கிழக்கே கிருஷ்ணகிரி அணை. இரண்டும் தென்பெண்ணையின் மீதுதான். இதே ஆற்றில் சாத்தனூர் அணை முதல் கடலூர்க் கடல் வரையிலான பகுதி, 2016-ம் ஆண்டுச் சட்டப்படி 80-வது தேசிய நீர்வழி. நாடு முழுக்க அப்படி 111 உண்டு. நம் பக்கத்து மேலாறு அதில் சேரவில்லை; இங்கே படகு விடுவது மாநில அரசின் பொறுப்பு.

மோட்டார் படகு என்றால் 2021-ன் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வும் பதிவும் காப்பீடும் கட்டாயம். 1917-ன் பழைய சட்டம் இருந்தவரை, வேறு மாநில நீரில் ஓட்டத் தனி அனுமதி வேண்டியிருந்தது. இப்போது ஒரு மாநிலத்துப் பதிவே எங்கும் செல்லும். கர்நாடக எல்லையோரம் இருக்கும் நமக்கு இது நல்ல மாற்றம். பரிசல் போன்ற மோட்டார் இல்லாத கலங்களை உள்ளாட்சி அமைப்புகளிடம் பதியவும் புதிய சட்டம் வழி செய்கிறது.

காவிரியில் ஓடும் ஒகேனக்கல் பரிசலைக் கவிழ்த்துப் பாருங்கள்: மூங்கில் பின்னல், அதன்மேல் நீர் புகாத விரிப்பு, தார்ப்பூச்சு. ஏறுபவர்கள் உயிர்காப்பு உடை அணிந்தே தீர வேண்டும். கர்நாடக அணைகள் திறந்து மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எகிறினால், தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். உயிரைக் காக்கும் தடைதான். ஆனால் அந்த நாட்களில் பரிசல் ஓட்டிகளுக்கு வருமானம் கிடையாது. அவர்களுக்கு நிவாரணம் தருவதே நியாயம்.