கையால் உரைக்கும் பொருள்

மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து செவிப்புலனற்ற மாணவி ஒருத்தி என் வகுப்புக்கு வருகிறாள். கரும்பலகையில் எழுதியதைப் பிழையின்றிப் பார்த்தெழுதுவாள். அந்தக் கையெழுத்தின் அழகில் மகிழ்ந்த நான், அதன் பொருளை அவள் அறிந்தாளா என்று ஒருநாளும் கேட்டேனில்லை. தவணைப் பரீட்சையில் வினாக்களையே விடைத்தாளில் அழகாக எழுதித் தந்தபோதுதான் என் மடமை எனக்குப் புலனாயிற்று.

அதன் பின்னரே, ஐம்பது கடந்த வயதில், பாடசாலைகளில் உரைபெயர்ப்பாளராகப் பணிபுரியச் சைகைமொழி பயிலும் இளைஞர் சிலரோடு நானும் வாங்கில் அமர்ந்தேன். கற்பித்தவரும் செவிப்புலனற்றவரே. சைகை என்றதும், சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் விரிக்கும் கூத்தரின் கைகளையே நான் நினைத்திருந்தேன். அது வேறு, இது வேறு. கையின் வடிவம், அது நிற்குமிடம், அசையும் முறை ஆகியவற்றால் சைகைகள் அமைவதை 1960 ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து காட்டினார். முகத்திலோ நான் மெய்ப்பாட்டை மட்டும் தேடினேன். பல சைகைமொழிகளில் புருவத்தை உயர்த்தினால் வாக்கியம் வினாவாகிவிடும். நம் வினா எழுத்துச் செய்யும் தொழிலைப் புருவம் செய்கிறது!

இத்தகைய மொழியை விலக்கி, வாய்ப்பேச்சு வழியே கற்பிக்கவேண்டும் என்று 1880 இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தை வன்கூவர் மாநாடு நிராகரித்தது 2010 இல். இடையே எத்தனை தலைமுறைகள்! இலங்கையில் மேரி சப்மன் அம்மையார் 1912 இல் செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலையைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கைதடி நபீல்ட் பாடசாலை 1956 இல் எழுந்தது. சைகைமொழி உரைபெயர்ப்பாளரின் உதவியைக் குறிப்பிடும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றது.

பயிற்சியில் கடினமானது விரல் வளைப்பதன்று. தமிழில் வினை இறுதியில் வருவதால், ஆசிரியர் வாக்கியத்தை முடிக்கும்வரை முன்னையதை நெஞ்சில் தாங்கவேண்டும். அதற்குள் அவர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். மாணவியின் கண்ணோ ஒன்று. கரும்பலகையையும் கையையும் ஒருங்கே நோக்க அவளால் ஆகாது. எழுதிக்கொண்டே பேசும் என் பழைய வழக்கத்தை நான் கைவிட நேர்ந்தது.

பயிலுநரில் ஒருத்தி செய்முறைப் பயிற்சிக்கென என் வகுப்புக்கு வந்தாள். புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். 'திங்கள்' என்றதும் அவள் கை நின்றுவிட்டது.

"ஐயா, இங்கே நிலவா, மாதமா?"

"மாதம், அம்மா. நிலவு அடுத்து வருகிறது" என்றேன். இரண்டுக்கும் வெவ்வேறு சைகை. பொருள் தெளியாமல் கை எழாது. நானோ பொருள் தெளிந்தாரா என்று பாராமல் முப்பதாண்டுகள் வாய் திறந்திருக்கிறேன்.

பாட்டு முடிந்தது. பின்வாங்கிலிருந்து இரு கைகள் அசைந்தன. புருவம் உயர்ந்திருந்தது. பயிலுநர் குரல் கொடுத்தாள்:

"அன்றைய நிலவுதானே இன்றும் இருக்கிறது? பிறகும் ஏன் அழுகிறார்கள் என்று கேட்கிறாள், ஐயா."

அவள் என்னை வினாவியது அதுவே முதல்முறை. தந்தையும் குன்றும் போனதை என் கைகளாலேயே சொல்ல முயன்றேன். 'தந்தை' என்ற சைகையை அவள் திருத்தினாள்.