உறைக்குள் ஓர் உறை

(பள்ளிச் சாரணியர் படையின் சார்பில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. கட்டும் துணிக்குச் சொன்ன இந்த அறிவுரை, நாம் படுக்கும் துணிக்கும் பொருந்தும் என்பதை நாங்கள் ஒரு முகாமுக்குச் சென்று திரும்பிய பின்னரே உணர்ந்தோம். அன்று நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தைத் தங்கைமாரும் பெற்றோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் படிக்கையில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் சாரணியர் படை கொடைக்கானலுக்கு முகாம் சென்றது. தஞ்சைச் சமவெளியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மார்கழிப் பனியே பெருங்குளிர். கொடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று புவியியலில் படித்திருந்தோம். அது தேர்வுக்குரிய கணக்கு மட்டுமன்று என்பது முதல் நாள் இரவே தெரிந்துவிட்டது.

எங்களுக்கு வாடகைக்கு எடுத்த 'ஸ்லீப்பிங் பேக்' எனப்படும் படுக்கைப் பைகள் கொடுக்கப்பட்டன. மெத்தை போன்ற பை. உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். அவற்றில் தலை எண்ணெய் வாடையும் புகை வாடையும் வீசின. எங்களுக்கு முன் எத்தனை பேர் அவற்றில் படுத்தார்களோ! அருவருப்பால் சிலர் பையைத் திறந்து போர்வையாக மட்டும் போர்த்திக்கொண்டார்கள். நள்ளிரவில் குளிர் தாங்காமல் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒரே போர்வைக்குள் நெருங்கிப் படுத்தோம். மூன்று இரவுகள் இப்படியே கழிந்தன.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், எங்களுள் ஒருத்திக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பு கண்டது. இரவில் அது அதிகமாயிற்று. அவள் கடைமடைப் பகுதியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். பொங்கல் கழிந்து சில நாட்களில் மற்ற ஐந்து பேருக்கும் அதே அரிப்பு வந்தது. உடனே நாங்கள், "இவளிடமிருந்துதான் எல்லாருக்கும் ஒட்டியது" என்று முடிவு கட்டினோம். யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் விடுதி வராந்தாவின் மூலையில் தனியே படுத்தாள். இதை எழுதும்போதும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

சிஸ்டர் எங்கள் அனைவரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அது ஸ்கேபீஸ் என்னும் சொறி சிரங்கு. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் உண்டாவது. உடலோடு உடல் நெடுநேரம் ஒட்டியிருப்பதாலேயே இது பெரும்பாலும் பரவுகிறது. படுக்கை, துணி வழியாகவும் சில வேளைகளில் பரவலாம். மனித உடலை விட்டு விலகினால் அப்பூச்சி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிழைப்பதில்லை.

அடுத்து மருத்துவர் சொன்னதுதான் எங்களைத் தலை குனிய வைத்தது. இந்நோய் முதன்முறையாக வருபவருக்கு அரிப்புத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முன்பே ஒருமுறை வந்தவருக்கோ சில நாட்களிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். எங்கள் தோழிக்குச் சிறு வயதில் ஒருமுறை வந்திருந்தது. ஆகவே அவளுக்கு முதலில் அரித்தது என்பதால் அவளிடமிருந்துதான் பரவியது என்று சொல்ல முடியாது. யாரிடமிருந்து வந்தது என்று இனி எவராலும் கூற இயலாது. "நீங்கள் எல்லாரும் ஒரே போர்வையில் படுத்தீர்கள் அல்லவா? அப்படியானால் எல்லாரும் சேர்ந்தே மருந்து போடுங்கள்" என்றார் அவர். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் உள்ளங்கால் வரை தடவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் தடவினோம். துணிகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்தினோம். நோய் போயிற்று. தோழியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் அடுத்த முகாமில் இது மீண்டும் நிகழாதிருக்க என்ன வழி என்ற கேள்வி நின்றது. அப்போதுதான் சிஸ்டர் 'உள்ளுறை'யைப் பற்றிச் சொன்னார்.

உள்ளுறை என்பது யாது?

தலையணைக்கு உறை போடுகிறோம். அழுக்கானால் உறையைத் துவைக்கிறோம். தலையணையை யாரும் அடிக்கடி துவைப்பதில்லை. படுக்கைப் பைக்கு உள்ளுறையும் அப்படிப்பட்டதே. மெல்லிய துணியால் மூன்று புறமும் தைத்த ஒரு நீண்ட பை. நாம் முதலில் அதற்குள் நுழைந்து, பிறகு அதனோடு படுக்கைப் பைக்குள் நுழைய வேண்டும்.

படுக்கைப் பையையே துவைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதனுள் இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்திருக்கும். அப்பஞ்சின் இடுக்குகளில் அடைபட்ட காற்றே நம்மைக் குளிரிலிருந்து காக்கிறது; ஏனெனில் காற்று ஓர் அரிதிற் கடத்தி. அடிக்கடி துவைத்தால் பஞ்சு திரண்டு தட்டையாகிவிடும். தடித்த பை உலரவும் நெடுநேரம் பிடிக்கும். துவைக்காமல் விட்டாலும் கெடுதியே. நமது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு நாளில் சுமார் 800 மில்லி நீர் நாம் அறியாமலே வெளியேறுகிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பஞ்சில் ஏறினால் அது ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடித்து வைக்கும் ஆற்றலை இழக்கும். அழுக்கான பை நாளடைவில் குளிர்ந்த பையாகவும் ஆகிவிடும். உள்ளுறை இருந்தால் அந்த அழுக்கெல்லாம் அதனோடு நின்றுவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பொருள் அன்று. 1909ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர் தம் மாணவர்களோடு நடைப்பயணம் சென்றபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒதுங்கி, உழவர் ஒருவர் கொடுத்த வைக்கோலைப் பரப்பி இரவைக் கழித்தார்கள். இப்படித் தங்க ஊர்தோறும் ஓர் இடம் இருந்தால் எவ்வளவு நன்று என்று அவர் எண்ணியதிலிருந்துதான் இளைஞர் விடுதிகள் பிறந்தன. முதல் நிரந்தர விடுதி 1912இல் ஆல்டெனா கோட்டையில் அமைந்தது. பிறகு பல நாடுகளில் பரவிய இவ்விடுதிகளில், கம்பளியைப் பலரும் மாறி மாறிப் பயன்படுத்த வேண்டியிருந்ததால், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு துணி உறையைக் கொண்டுவருவது வழக்கமாயிற்று. கம்பளி பொது, உறை அவரவருக்கு உரியது. நல்ல ஏற்பாடு அல்லவா?

நாங்கள் தைத்த விதம்

கடைகளில் விற்கும் உள்ளுறைகள் பருத்தி, பட்டு, செயற்கைக் கம்பளி எனப் பல வகை. பட்டு மிக இலேசு. 150 கிராமுக்குள் அடங்கிவிடும். ஆனால் திருபுவனம் பட்டுப் புடவையை வெட்டத் துணியும் தாயார் எவரும் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார்! நாங்கள் பழைய நூல் புடவைகளைக் கொண்டுவந்தோம். பலமுறை துவைத்து நைந்த புடவையே உடலுக்கு மென்மை. எல்லாவற்றிலும் மென்மையாக இருந்தது எங்கள் விடுதித் தோழி கொண்டுவந்த அவளுடைய அம்மாவின் புடவைதான். தையல் இயந்திரத்தில் முதல் உறையைத் தைத்துக் காட்டியவளும் அவளே.

செய்முறை இதுதான்:

1. நம் உயரத்தோடு 50 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். 155 செ.மீ. உயரமுள்ளவளுக்கு 205 செ.மீ. அதன் இரு மடங்கு, அதாவது 4 மீட்டர் 10 செ.மீ. நீளத்தைப் புடவையிலிருந்து வெட்ட வேண்டும். அகலம் 85 செ.மீ. இருந்தால் போதும்.

2. துணியை நீளவாட்டில் பாதியாக மடிக்க வேண்டும். மடிப்பு கால் பக்கம் வரும். அங்கே தையல் தேவையில்லை.

3. ஒரு பக்கத்தை முழுவதும் தைக்க வேண்டும். மறுபக்கத்தில் மேலே 45 செ.மீ. திறப்பு விட வேண்டும்; நுழைய எளிது. திறப்பு முடியும் இடத்தில் இருமுறை தைக்காவிட்டால் முதல் நாளே கிழிந்துவிடும். இதையும் அனுபவத்தால் அறிந்தோம்.

4. ஓரங்களை இருமுறை மடித்துத் தைத்தால் பிசிறு பிரியாது. கால் பக்க மூலைகளில் இரண்டு நாடாக்கள் வைத்து, படுக்கைப் பையோடு கட்டிக்கொண்டால் புரளும்போது உறை சுற்றிக்கொள்ளாது.

5. மிஞ்சிய துணியில் ஒரு தலையணை உறை. பகலில் உள்ளுறையை மடித்து அதற்குள் வைத்தால் அதுவே தலையணை.

ஓர் உறையை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். 350 கிராம் இருந்தது. பாலியெஸ்டர் புடவை வேண்டாம் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். அது வியர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எந்த உறையானாலும் முகாம் தீயருகே கொண்டுபோகக் கூடாது.

எவ்வளவு வெப்பம் தரும்?

இதை அறியப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தோம். ஒரே அளவான இரண்டு புட்டிகளில் வெந்நீர் நிரப்பினோம். ஒன்றைக் கம்பளித் துண்டால் மட்டும் சுற்றினோம். மற்றொன்றை முதலில் புடவைத் துணியாலும் பிறகு அதே அளவு கம்பளியாலும் சுற்றினோம். ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது இரண்டாவது புட்டியில் சுமார் 2 டிகிரி கூடுதலாக இருந்தது. துணிக்கும் கம்பளிக்கும் நடுவே ஒரு மெல்லிய காற்றடுக்கு நிற்பதே காரணம். ஆகவே உள்ளுறை வெப்பம் தருவது உண்மை, ஆனால் சிறிதளவே. அதை நம்பிக் கம்பளியை வீட்டில் விட்டுவிடக் கூடாது.

தரையின் குளிரையும் உள்ளுறை தடுக்காது. நம் உடலின் பாரத்தால் அடியிலுள்ள பஞ்சு நசுங்கிக் காற்றெல்லாம் வெளியேறிவிடும். பிறகு உடல் வெப்பம் நேரே தரைக்கு இறங்கும். இதற்கு நம் தஞ்சை மண்ணிலேயே மருந்து உண்டு. வைக்கோல் ஓர் உள்ளீடற்ற குழல். அதனுள்ளும் காற்று, இடையிலும் காற்று. ஒரு சாண் உயரத்திற்கு வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கு விரித்துப் படுத்தால் சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாது. வைக்கோலின் சுணை உடலில் படாமல் உள்ளுறை காக்கும்.

வேறு சில விதிகளும் உண்டு. ஈர உடையோடு உறைக்குள் நுழையக் கூடாது. ஈரப் பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். கால் கழுவித் துடைத்து, உலர்ந்த உடை மாற்றியே படுக்க வேண்டும். காலையில் உறையை உட்புறம் வெளியாகத் திருப்பி வெயிலில் காயவிட வேண்டும். முகாம் முடிந்ததும் வெந்நீரில் துவைக்க வேண்டும். முக்கியமாக, ஓர் உறையில் ஒருவர் மட்டுமே படுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு தை மாதம், சம்பா அறுவடை முடிந்த வேளையில், திருவையாற்றுப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் இரண்டு நாள் முகாமிட்டோம். அறுவடை இயந்திரம் போன பிறகு உருளை உருளையாகக் கட்டிய வைக்கோலைப் பெரியவர் ஒருவர் மனமுவந்து கொடுத்தார். வாங்கிய கம்பளிகள் பொதுவாக இருந்தன, உறைகள் எங்களுடையவை. யாரும் யாரையும் நெருக்கவில்லை; யாரும் யாரையும் ஒதுக்கவுமில்லை. வீடு திரும்பி வாரங்கள் பல சென்றும் ஒருத்திக்கும் அரிப்பு வரவில்லை.

முகாமுக்கு மட்டுமன்று

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 29இல் கொடியேற்றி செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணி மாதா திருவிழாவிற்கு நம் ஊர் வழியாக ஆயிரக்கணக்கானோர் நடந்து செல்வதைக் காண்கிறோம். அவர்கள் வழியில் பள்ளி வராந்தாக்களிலும் மண்டபங்களிலும் சாலையோரங்களிலும் படுக்கிறார்கள். தோளில் தொங்கும் பையில் இத்தகைய ஓர் உறைக்கு இடம் உண்டு. கொசு கடிக்காது என்று மட்டும் எண்ண வேண்டாம். மெல்லிய துணியைத் துளைத்தும் கொசு கடிக்கும்.

நம் டெல்டாவில் 'முகாம்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோதும், 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோதும் எத்தனையோ குடும்பங்கள் பள்ளி வகுப்பறைகளிலும் திருமண மண்டபங்களிலும் அடுத்தடுத்துப் படுத்து நாட்களைக் கழித்தன. கஜா புயலின்போது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமியர். எங்கள் விடுதித் தோழி அப்படி ஒரு வகுப்பறையில் தன் தம்பியோடு ஒரே போர்வையில் பல இரவுகள் படுத்திருந்தாள். அவளுக்கு முதன்முதலில் சிரங்கு வந்தது அப்போதுதான். அதை அவள் எங்களிடம் சொன்னது உறை தைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்.

அன்று முதல், எங்களுக்கென்று தைத்தது போக மீதிப் புடவைகளிலும் உறைகள் தைத்து வருகிறோம். இதுவரை 24 உறைகள் துவைத்து மடித்துப் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. புயல் வரக் கூடாது என்றே மன்றாடுகிறோம். வந்தால், எங்கள் வகுப்பறைகளில் வந்து தங்குவோருக்கு முதலில் கொடுக்க அவை காத்திருக்கும். உங்கள் வீட்டிலும் பழைய நூல் புடவை இருந்தால், அன்னையரே, தையல் அறைக்குக் கொடுத்தனுப்புங்கள்.