குதிரைமேல் ஓர் அரங்கேற்றம்

அரங்கேற்றம் என்றால் சங்கீதமும் நாட்டியமுமே நம் நினைவுக்கு வருகின்றன. குதிரைச் சவாரி பழகுகிறவர்களுக்கும் அது உண்டு. 2023-ஆம் ஆண்டு சீனாவிலுள்ள ஹாங்சௌ நகரின் ஆசிய விளையாட்டில், 'டிரஸாஜ்' என்னும் குதிரை நடைப் போட்டியில் நம் நாட்டார் நால்வர் தங்கப் பதக்கம் பெற்றனர். 1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுக்குப் பின் குதிரையேற்றத்தில் பாரதம் கண்ட முதல் தங்கம் அது. அந்த நால்வரும் ஒரு நாள் முதன் முதலாக அரங்கினுள் நுழைந்தவர்களே அல்லவா?

ஆரம்ப மாணாக்கரின் அரங்கம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ளது. ஓரங்களில் ஆங்கில எழுத்துப் பலகைகள் நிற்கும். 'ஏ' என்னுமிடத்தில் நுழைந்து, நட்ட நடுவே 'எக்ஸ்' என்னுமிடத்தில் குதிரையை நிறுத்தி, எதிரே 'ஸி'யில் அமர்ந்திருக்கும் நடுவரை வணங்க வேண்டும். வேடிக்கை என்னவெனில், 'எக்ஸ்' என்ற பலகையே அங்கே இராது. அதை மனக்கண்ணால்தான் காண வேண்டும்! ஒவ்வோர் அம்சத்துக்கும் பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பெண் உண்டு.

ஆகவே பாடத்தை மனப்பாடம் செய்வது அவசியம். ஆனால் அதைக் குதிரைமேல் அமர்ந்து ஓயாமல் ஒப்பிக்கலாகாது. குதிரை மகா ஞாபகசாலி. அடுத்த திருப்பத்தை அறிந்துகொண்டு, நாம் சொல்லுமுன்னே திரும்பிவிடும்! வீட்டுக் கூடத்தில் சாக்கட்டியால் கோடு கிழித்து, நம் கால்களாலேயே நடந்து பழகுவது உத்தமம்.

முதல் நாளே சேணத்தையும் கடிவாளத்தையும் துடைத்து, வார்களின் தையலைச் சோதிக்க வேண்டும். உயிர் அந்தத் தையலில் இருக்கிறது. தலைக்கவசம் இன்றி ஏறவே கூடாது. புதிய பூட்ஸை அன்றுதான் முதலில் அணிவது அசட்டுத்தனம்.

போட்டி நாளன்று சீக்கிரமே போய், கொடிகளையும் கூட்டத்தையும் குதிரைக்குக் காட்ட வேண்டும். ஓடித் தப்புவதே அதன் இயற்கையான தற்காப்பு. பழகாத எதையும் கண்டு அது மிரளும். மேலிருப்பவர் நடுங்கினால் அதுவும் கலங்கும். நிதானமாக மூச்சு விட்டால் அதுவும் அமைதியுறும். பயத்தை அடக்குவது நமக்காக மட்டுமன்று. நம்மை நம்பிய வாயில்லா ஜீவனுக்காகவுந்தான்.

வழி தவறினால் மணி அடிக்கும். அதனால் உலகம் முடிந்துவிடாது. சில மதிப்பெண் குறையும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடுவர் எழுதித் தரும் குறிப்புக்களே அடுத்த பாடம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குழந்தை இறங்கி வந்ததும், "பரிசு உண்டா?" என்று கேட்க வேண்டாம். "குதிரைக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்று கேளுங்கள்.