கொச்சியில் படகு ஓடுகிறது, சென்னையில் ஓடுமா?

கொச்சியில் வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்கு அலுவலக நேரத்தில் பஸ் ஏறினால் ஊர்ந்து ஊர்ந்துதான் போய்ச் சேர வேண்டும். காயல் வழியாகப் போகும் மின்படகு அதே இடத்துக்கு அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. ‘கொச்சி வாட்டர் மெட்ரோ’ என்ற பெயரில் 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தச் சேவையைப் பார்த்துவிட்டு, நாட்டின் பல நகரங்கள் தங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்கின்றன. சென்னையிலும் நேப்பியர் பாலத்திலிருந்து கோவளம் வரை பக்கிங்காம் கால்வாயில் வாட்டர் மெட்ரோ ஓட்டலாமா என்ற பேச்சு அரசு மட்டத்தில் எழுந்திருக்கிறது.

நம் தர்மபுரி மாவட்டத்துப் பொம்மிடியிலிருந்து கடல் வெகு தூரம். ஆனால் இங்கிருந்து ரயிலேறிய பிள்ளைகள் பலருக்குச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைதான் பிழைப்பு. அந்தச் சாலையில் தினமும் கரையும் நேரம் நம் வீட்டுப் பிள்ளைகளின் நேரம். அதனால் இது நமக்கும் உரிய கேள்விதான்.

கொச்சியில் என்ன செய்தார்கள்?

கொச்சி தீவுகளின் நகரம். ஒரு காலத்தில் வைப்பின், முளவுகாடு போன்ற தீவுகளில் இருந்தவர்கள் எர்ணாகுளத்துக்குப் படகில்தான் வந்தார்கள். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டதும் கூட்டம் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் மாறியது. படகுத்துறைகள் களையிழந்தன, சாலைகள் திணறின. இழந்த நீர்வழியைப் புதிய முறையில் மீட்பதுதான் வாட்டர் மெட்ரோ.

திட்டச் செலவு சுமார் 1,137 கோடி ரூபாய். ஜெர்மனியின் கேஎப்டபிள்யூ வங்கி கடன் கொடுத்தது. 78 மின்படகுகள், 38 படகுத்துறைகள், 76 கிலோமீட்டர் நீர்வழி என்பது இலக்கு. படகுகளைக் கட்டுவது அதே ஊரின் கொச்சி கப்பல் கட்டும் தளம்.

படகு எப்படி ஓடுகிறது?

பெரிய படகில் உட்கார 50 பேர், நிற்க 50 பேர் என நூறு பேர் ஏறலாம். ஏசி உண்டு. குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். பயணிகள் இறங்கி ஏறும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பேட்டரி சார்ஜ் ஆகிவிடும். அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டரும் இருக்கிறது. வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்.

இதில் உற்றுப் பார்க்க வேண்டியது படகைவிடப் படகுத்துறையை. ஏறும் மேடை மிதவையாக இருக்கிறது. ஓதம் ஏறினால் மேடையும் ஏறும், வடிந்தால் அதுவும் இறங்கும். அதனால் படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவரை யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை. புடவை கட்டிய பாட்டியும் பையனின் கையைப் பிடித்தபடி சாதாரணமாக நடந்து ஏறிவிடலாம். டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் கதவு, மெட்ரோ ரயில் நிலையத்தில் இருப்பதைப் போன்றது. உள்ளே போகிறவர்களை எண்ணித்தான் விடுவார்கள். படகுப் பயணம் என்றாலே பயந்தவர்களை இந்த ஏற்பாடுகள்தான் படகில் ஏற வைத்தன.

நெரிசல் குறைந்ததா?

இங்கே கணக்கை நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் பத்து லட்சம் பேர் பயணம் செய்தார்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டில் அது 50 லட்சத்தைத் தொட்டது. பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் நாள் கணக்கில் வகுத்தால் சராசரியாக ஐந்தரை ஆயிரம் சொச்சம்தான். நூறு பேர் ஏறும் படகைக் கால் மணிக்கு ஒன்று விட்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 400 பேர் போகலாம். ஏழெட்டு டவுன் பஸ் அளவு. ஒரு மெட்ரோ ரயிலில் ஒரே தடவையில் ஏறும் கூட்டம் இதைவிட அதிகம்.

வேலையும் மெதுவாகத்தான் நடக்கிறது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரி, வெலிங்டன் தீவு படகுத்துறைகள் திறக்கப்பட்டபோது மொத்தம் பன்னிரண்டு துறைகளே செயல்பாட்டுக்கு வந்திருந்தன. இலக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக, படகு நகர நெரிசலை மொத்தமாகத் தீர்த்துவிடாது. ஆனால் குறிப்பிட்ட இடங்களில் படகை மிஞ்ச வேறு வழி கிடையாது. அந்த இடங்கள் எவை?

படகு எங்கே ஜெயிக்கும்?

இதற்கு விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் இக்கரையில் நாகமரை, அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. சாலையில் போனால் நெடுந்தூரம் சுற்ற வேண்டும் என்பதால் பைக்கையும் தள்ளி ஏற்றிக்கொண்டு படகில் கடப்பவர்கள் உண்டு. ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இடையிலும் இதே கதைதான். தண்ணீர் குறுக்கே கிடந்து, சாலை சுற்றிப் போகும் இடத்தில் படகு ஜெயிக்கும். கொச்சியில் ஹைகோர்ட் துறையிலிருந்து வைப்பினுக்குப் படகு ஓடுவதும் அதனால்தான்.

சென்னையின் பக்கிங்காம் கால்வாய் அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கட்டம் கட்டமாக வெட்டப்பட்ட இந்தக் கால்வாயில் விறகும் நெல்லும் உப்பும் ஏற்றிய தோணிகள் போயின. பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடியது இதில் போன படகுப் பயணத்தைத்தான். ஆனால் கால்வாய் ஓடுவது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே, இரண்டுக்கும் இணையாக. கொச்சிப் படகின் வேகத்தில் 30 கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் ஆகும். நேப்பியர் பாலத்தில் ஏறி சிறுசேரிக்கு வேலைக்குப் போக யாரும் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள்.

நகரத்துக்குள் வேறு சிக்கல்களும் உண்டு. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. கழிவுநீர் கலக்கிறது. தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் விழுந்துதான் முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. படகுத்துறை கட்டுகிறோம் என்று வெள்ளத்தின் பாதையைக் குறுக்கிவிட்டால், நெரிசலைத் தீர்க்கப் போய் வீடுகளை மூழ்கடித்த கதையாகிவிடும்.

பாங்காக் நகரின் ஸேன் ஸேப் கால்வாயும் அழுக்குத் தண்ணீர்தான். தெறிக்கும் நீர் மேலே படாமலிருக்கப் பயணிகளே கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்திக்கொள்கிறார்கள். அப்படியிருந்தும் 1990 முதல் அங்கே படகுகள் வெற்றிகரமாக ஓடுகின்றன. படகு வேகமானது, துறைகளில் நொடிக்கணக்கில்தான் நிற்கிறது, முக்கியத் துறைகளில் இறங்கினால் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சிப்காட் வழித்தடம் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிப் போகிறது. கால்வாயின் கிழக்கே நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை பகுதிகளில் ஏராளமானோர் வாழ்கிறார்கள். இரு சாலைகளையும் இணைக்கும் பாலங்கள் குறைவு. நேப்பியர் – கோவளம் என்று நீட்டி முழக்குவதற்கு முன், சோழிங்கநல்லூரைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் கால்வாயைக் கடக்கும் குறும்படகுகளை மெட்ரோ நிலையத்தோடும் மினிபஸ்ஸோடும் இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஒரே டிக்கெட்டில் மூன்றிலும் போக முடிய வேண்டும். தூர்வாருவதும் கழிவுநீரை நிறுத்துவதும் படகு வாங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

பாதுகாப்பில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கொச்சியில் மின்படகு ஓடத் தொடங்கி அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எண்ணி ஏற்றும் கதவும், உரிமம் பெற்ற ஓட்டுநரும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் இல்லாத படகை ஒருநாளும் அவிழ்க்க விடக் கூடாது.

சுற்றுலாப் படகுக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். வேலைக்குப் போகிறவருக்குத் திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் படகு வர வேண்டும், மழையானாலும் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். சென்னை நீர்வழியைப் பற்றி அரசு எந்த அறிக்கை வெளியிட்டாலும், மக்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த எட்டரை மணிப் படகைப் பற்றித்தான்.