சேர்த்துவைப்பது குழந்தையின் வேலையா?

1965-இல் ஏவிஎம் எடுத்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினிக்கு இரட்டை வேடம். அப்பாவிடம் ஒருத்தி, அம்மாவிடம் ஒருத்தி என்று வளர்ந்த இரட்டையர் தற்செயலாகச் சந்தித்து, இடம் மாறி, கடைசியில் ஜெய்சங்கரையும் ஜமுனாவையும் சேர்த்துவைக்கிறார்கள். எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1949-இல் வெளியிட்ட சிறுவர் நாவலில் தொடங்கிய கதை இது. டிஸ்னி 1961-இல் அதைப் படமாக்கியது. தமிழுக்கு வந்து, 1968-இல் 'தோ கலியான்' என்று இந்திக்கும் போனது. எந்த ஊருக்குப் போனாலும் பெரியவர்கள் உடைத்ததை ஒட்டவைக்கும் பொறுப்பு குழந்தையின் தலையில்தான். தமிழில் பிரிவுக்குக் காரணம் மாமியாரின் கர்வம் என்றாகிவிட்டதால், கணவன் மனைவிக்குள் என்ன கசப்பு என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. வசதியான ஏற்பாடு!

விவாகரத்துப் படம் என்றதும் பலரும் சொல்வது 'க்ராமர் வெர்சஸ் க்ராமர்' (1979). அதில் நடித்த ஜஸ்டின் ஹென்றி எட்டு வயதில் ஆஸ்கர் பரிந்துரை பெற்றான். ஆனாலும் அது அப்பாவின் படம்.

ஜப்பானிய இயக்குநர் கொரே-எடாவின் 'ஐ விஷ்' (2011) பெற்றோரைச் சேர்த்துவைக்கும் அந்தப் பழைய ஆசையைத்தான் எடுத்துக்கொள்கிறது. அண்ணன் அம்மாவோடு ககோஷிமாவில். தம்பி அப்பாவோடு ஃபுகுவோகாவில். இரண்டு புல்லட் ரயில்கள் முதன்முதலாக எதிரெதிரே கடக்கும் நொடியில் வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்கும் என்று ஒரு பேச்சு. சகுராஜிமா எரிமலை வெடித்தால் ஊரைக் காலிசெய்துவிட்டு எல்லோரும் ஒன்றாகிவிடலாம் என்பது அண்ணனின் கணக்கு. பிள்ளைகள் பணம் சேர்த்து, பொய் சொல்லி, அந்த இடத்துக்கே போய் நிற்கிறார்கள். ரயில்கள் கடக்கும்போது அண்ணன் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. சேர்த்துவைக்கும் வேலையை அவனே கீழே வைத்துவிடுகிறான்.

'வாட் மெய்சி நியூ' (2012) இன்னும் கறாரானது. ஹென்றி ஜேம்ஸ் 1897-இல் எழுதிய லண்டன் நாவல் இதில் நியூயார்க்குக்கு வருகிறது. அம்மா ராக் பாடகி, அப்பா ஓவிய வியாபாரி. ஆறு வயது மெய்சி இல்லாத காட்சி ஏறக்குறைய கிடையாது. அதனால் சண்டைகள் பக்கத்து அறையிலிருந்து பாதி வாக்கியங்களாகத்தான் காதில் விழுகின்றன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லப் போதுமான தகவல் நமக்கும் கிடைப்பதில்லை. அவளுக்குத் தெரிவதெல்லாம் யார் கூட்டிப்போக வந்தார்கள், யார் வரவில்லை என்பதுதான். அப்பா ஆயாவையே மணக்கிறார். அம்மா போட்டிக்கு ஒரு பார் ஊழியரை மணக்கிறாள். கடைசியில் குழந்தையைக் கவனிப்பது அந்த இருவர்தான். அம்மா கச்சேரிப் பயணத்துக்கு அழைக்கும்போது மெய்சி வர மறுக்கிறாள். மறுநாள் அவளுக்குப் படகுச் சவாரி இருக்கிறது.

தமிழில் இந்தப் பக்கம் துணிந்து நடந்தது பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட தன் சகோதரி கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்து வந்ததுதான் கதைக்கு வித்து என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை இழுத்துவர, குடிகாரக் கணபதி பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். சமாதானத் தூதனாக வேலு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைக் கிழித்துப் போடுகிறான். கொளுத்தும் வெயிலில், கண்ணாடிச் சில்லால் அப்பாவின் முதுகில் சூடு காட்டியபடியே பின்னால் நடக்கிறான்.